தவழும் பிள்ளையும் தேயிலை மலையும்

பிள்ளையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாக வகுத்துப் பாடியது தமிழ் மரபு. பெரியாழ்வார் கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடிய நெறி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் தனியொரு பிரபந்தமாக உருப்பெற்றது. மூன்றாம் திங்களிற் காப்பு, ஐந்தாம் திங்களிற் செங்கீரை, ஏழாம் திங்களில் தால், ஒன்பதாம் திங்களிற் சப்பாணி, பதினோராம் திங்களில் முத்தம், பதின்மூன்றாம் திங்களில் வருகை என இரு திங்களுக்கு ஒரு பருவமாகப் பிள்ளை அங்கு வளர்கின்றது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது செங்கீரை. தளர்நடையிட்டுத் தாயை நோக்கி வருவது வருகை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்திலேயே பிள்ளை நிலத்தைத் தன் உடைமையாக்கிக் கொள்கின்றது. பாட்டுடைத் தலைவர் அரசராயினும் தெய்வமாயினும், பிள்ளையின் எதிரே ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள் என்பதையும், பார்த்து மகிழ அவளுக்கு நேரம் உண்டு என்பதையும் இம்மரபு ஐயத்துக்கு இடமின்றி ஏற்றுக்கொள்கின்றது.

மலையகத் தாயின் கணக்கு வேறு. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றின் பணிய லயத்தில் வாழும் இருபத்துநான்கு வயதுப் பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்வோம். கொழுந்தெடுப்பது அவள் தொழில். எட்டு மாதப் பெண்பிள்ளையின் தாய். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் அவளுக்கு 12 வார விடுமுறையை அளிக்கின்றது: பேற்றுக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம். இரு பிள்ளைகளுக்கு மேற்பட்டால் அதனைப் பாதியாகக் குறைத்த விதியும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. ஆயினும் பத்து வாரம் என்பது எழுபது நாள். காப்புப் பருவம் தொடங்கும் மூன்றாம் திங்களிலேயே விடுமுறை முடிந்துவிடுகின்றது. செங்கீரை முதலான பருவங்கள் யாவும் தாய் மலையில் நிற்கும் வேளையிலேயே பெரிதும் நிகழ்ந்தாக வேண்டும்.

விடியற்காலை நான்கரை மணிக்கு அவளது நாள் தொடங்குகின்றது. மிலாறு விறகை ஊதிப் பற்றவைத்து, தேநீர் காய்ச்சி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து முடிப்பதற்குள் பிள்ளை விழித்துக்கொள்ளும். சென்ற மாதம்வரை விழித்த பிள்ளை அழுதது. கிடத்திய இடத்திற் கிடந்தது. இப்பொழுது அது அழுவதில்லை. அவளது அச்சமும் அதுவே. அழுகை கேட்டால் பிள்ளை எங்கே இருக்கின்றது என்று தெரியும். ஓசை அடங்கினால் தேட வேண்டும்.

லயக்காம்பரா பெரிய உலகமன்று. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, நடுவே ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறை, ஒரு பக்கத்தில் அடுப்பு; அவ்வளவே. பெரியவர்களுக்கு மூச்சுமுட்டும் அவ்விடம் தவழும் பிள்ளைக்கு எல்லையற்ற நாடு. அரிசி வாளியின் மூடி, சுவரோரம் சாய்த்த கொழுந்துக்கூடை, ஈரம் காயாத படங்குச் சாக்கு, இஸ்தோப்பிற் கட்டிய கோழி என ஒவ்வொன்றையும் தொட்டு, வாயிலிட்டு, நிலத்தில் அடித்து ஓசை கேட்ட பின்னரே அது தன் தீர்ப்பை வழங்குகின்றது. கூடையின் பின்னலிடுக்கிற் சிக்கிய காய்ந்த இலையொன்றைப் பிடுங்கித் தின்ன முயன்றது ஒரு நாள். தாயின் விரல்களில் ஏறிய கறுத்த கொழுந்துக் கறையைச் சுரண்டி எடுக்க முயன்றது மற்றொரு நாள். கறை வரவில்லை, பிள்ளையும் விடவில்லை.

அதே அறையில் நெருப்பும் கொதிநீரும் இருக்கின்றன. இஸ்தோப்பின் விளிம்பிற் படி. படிக்குக் கீழே கான். கானுக்கு அப்பால் சரிவு. "புள்ளயத் தொட்டில்ல போட்டுக் கட்டி வச்சிட்டு வேலயப் பாரு" என்பார் மாமியார். அவர் தம் பிள்ளைகளை அவ்வாறே வளர்த்தவர். அவருள் ஒருவரின் முழங்கையில் அடுப்பு இட்ட தழும்பு இன்றும் உண்டு. "கட்டிப் போட்டா ஏங்கிப் போயிருதுங்க அத்தை" என்பாள் மருமகள். குரலை உயர்த்தாமல் நாள்தோறும் நடைபெறும் இவ்வழக்கில் இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு.

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் எலினோர் கிப்சன், ரிச்சர்ட் வோக் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வொன்று 1960இல் வெளியாயிற்று. ஒரு பக்கம் பள்ளமெனத் தோன்றுமாறு அமைந்த கண்ணாடித் தளத்தில் தவழும் பிள்ளைகளை விட்டு, மறுபுறமிருந்து தாயை அழைக்கச் செய்தனர். பிள்ளைகளுட் பெரும்பாலானவை தாய் அழைத்தும் பள்ளத்தின் பக்கம் செல்ல மறுத்தன. இவ்வெச்சரிக்கை வளர்வதில், தானாக ஊர்ந்து பெறும் பழக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டெனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனவே சரிவை அறிய வேண்டிய மலைநாட்டுப் பிள்ளை தவழ்ந்தே அதனை அறிய வேண்டும். அறியுங்காறும் அதனை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மாமியார் வேண்டுவது காவல். மருமகள் வேண்டுவது பயிற்சி. இரண்டையும் ஒருங்கே தரவல்லவை ஒரு சோடிக் கண்கள். அக்கண்கள்தாம் காலையில் பெரட்டு முடிந்து மலைக்குச் சென்றுவிடுகின்றன.

அவற்றிற்கு மாற்றாகத் தோட்டம் கண்டது பிள்ளைக்காம்பரா. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திற் தேயிலையைப் பயிரிட்டதன் பின் விரிந்த இத்தொழில் பெண்களின் விரல்களை நம்பியே நின்றது. அவ்விரல்கள் வேண்டுமெனில் அவர்தம் பிள்ளைகளை எங்கேனும் வைத்தாக வேண்டும். ஆகவே பிள்ளையின் பொருட்டு என்பதிலும் கொழுந்தின் பொருட்டே அது தோன்றியது எனலாம். நெடுங்காலம் அது சாக்குத் தொட்டில்கள் தொங்கிய கொட்டிலாகவும், மலையேற முடியாத முதியவளொருத்தியின் பொறுப்பாகவுமே இருந்தது. 1970களின் நடுப்பகுதியில், உணவுப் பஞ்சம் வாட்டிய நாட்களில், தோட்டங்களில் உயிருடன் பிறந்த ஆயிரம் பிள்ளைகளுள் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்ற பின், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் மேற்பார்வையிற் பல கொட்டில்கள் புதுக்கட்டடம் பெற்றன. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் வந்தனர். பெயர்ப்பலகையில் அது "சிறுவர் அபிவிருத்தி நிலையம்". மக்கள் வாயில் இன்றும் பிள்ளைக்காம்பராவே. எல்லாத் தோட்டங்களிலும் அதன் தரம் ஒன்றுபோல் இல்லை என்பதும் மலையகத்தார் அறிந்ததே.

ஓராண்டு நிறையாத பிள்ளைக்குப் பாலூட்ட ஒன்பது மணிநேரத்துள் இரு இடைவேளைகளைச் சட்டம் அளிக்கின்றது. பிள்ளைக்காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணிநேரம். சட்டம் நேரத்தை எழுதிற்றேயன்றி மலையின் தூரத்தை எழுதவில்லை. உச்சி மலையிற் கொழுந்தெடுக்கும் நாளில் இறங்குவதற்கும் ஏறுவதற்குமே அந்த அரை மணி போதாது. மருந்து தெளித்த மலையாயின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். தோட்டம் குறித்த கிலோ நிறையாவிடின் முழுப்பேர் விழாது, அரைப்பேரே விழும். மார்பு கனத்து நோகும்போதும் தராசின் முள்ளையே நினைத்துக்கொண்டு மலையில் நின்றுவிடும் நாட்கள் அவளுக்கு உண்டு.

அத்தகைய சனிக்கிழமை ஒன்றில், முற்பகல் வேளையில், பிள்ளை வாங்கின் விளிம்பைப் பற்றி முதன்முறையாக எழுந்து நின்றது. பிள்ளைக்காம்பராவைப் பார்ப்பவள் அதனைக் கண்டாள். மாலையிற் தாய் வந்தபோது அவள் அதைச் சொல்லவில்லை. "நாளைக்கு வீட்டுலதான இருப்ப? கட்டில் பக்கமா விட்டுப் பாரு தங்கச்சி" என்று மட்டும் சொன்னாள். ஞாயிறு காலையிற் பிள்ளை கட்டிற்சட்டத்தைப் பிடித்து எழுந்தது. தாய் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துக் காம்பராவினரையெல்லாம் அழைத்துக் காட்டினாள். ஒரு பிள்ளையின் முதல் எழுகையை அதன் தாயே முதலிற் கண்டாள் என்னும் நிறைவை, பிறிதொருத்தியின் மௌனம் அவளுக்கு வழங்கியது. எத்தனை தாய்மாருக்கு அவள் இவ்வாறு வாய் மூடியிருந்தாளோ! இச்சேவைக்குச் சம்பளப் பட்டியலில் இடமில்லை.

மலையகப் பெண்ணின் உழைப்பைப் பற்றி நாம் பேசும்போது கூலி, வீடு, காணி என்பனவற்றைப் பேசுகின்றோம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்கூலி தோட்டங்களில் 1984இற்றான் வந்தது என்பதை மறத்தற்கில்லை. ஆனால் தன் பிள்ளையின் வளர்ச்சியைக் கண்ணாற் காணும் உரிமை எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் எளிதில் இடம்பெறுவதில்லை. கொழுந்து மலைக்கு அண்மையில் ஒரு பிள்ளைக்காம்பரா, நடைக்கும் இடங்கொடுக்கும் இடைவேளை, இஸ்தோப்பின் விளிம்பில் முழங்காலளவு அடைப்பு, அறையினின்று பிரிந்த அடுப்படி: இவை பெருஞ்செலவுக்குரியன அல்ல. இவற்றின் பயன் பிள்ளையின் உயிருக்கும் அறிவுக்கும் ஒருங்கே உரியது. இன்னுமொன்று: பிள்ளைக்கு ஓராண்டு நிறைந்ததும் பாலூட்டும் இடைவேளையும் முடிந்துவிடும். பதின்மூன்றாம் திங்களில், பிள்ளை நடந்து வரக் கற்கும் வருகைப் பருவத்தில், பகல் முழுதும் அதன் எதிரே தாய் இருக்கமாட்டாள்.

அதனால் மாலை வேளை அவளுக்குப் பெரிதாகின்றது. கொழுந்தை நிறுத்துவிட்டு ஈரச் சாக்குடன் பிள்ளைக்காம்பராவை அவள் அடையும்போது, பல தாய்மாரின் குரல்களுள் ஒன்றைப் பிள்ளை இனங்காண்கின்றது, திரும்புகின்றது, தவழத் தொடங்குகின்றது. வீட்டில் விறகு பிளக்க வேண்டும். பீலியில் நீர் பிடிக்க வேண்டும். ஆயினும் அவள் ஓடிச்சென்று தூக்குவதில்லை. கூடையை இறக்கி வைத்து, வாசற்படியில் அமர்ந்து, பிள்ளை தானாக வந்து சேரும்வரை காத்திருக்கிறாள்.