மருத்துவ ஆசிரியருக்கும் ஒரு வகுப்பு

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்க வேண்டுமானால் பட்டத்துக்கு மேல் பி.எட். வேண்டும், தகுதித் தேர்வும் எழுத வேண்டும். ஆனால் எம்.டி. முடித்த ஒருவர், கற்பித்தல் பற்றி ஒரு நாள்கூடப் படிக்காமல் மருத்துவக் கல்லூரி ஆசிரியராகிவிடுவதே நம் நாட்டில் நெடுங்கால வழக்கமாக இருந்தது. நோயை அறிந்தவருக்கு அதைச் சொல்லித் தரவும் தெரியும் என்று எல்லோரும் நம்பிவிட்டோம்.

அந்த நம்பிக்கையை ஐயுற்றவர்கள் முன்பே உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் 1970களிலேயே தொடங்கப்பட்டது. 2009இல் இந்திய மருத்துவக் கவுன்சில் மண்டல மையங்கள் வழியாக மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சியை முறைப்படுத்தியது; வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அம்மையங்களுள் ஒன்று. இன்று தேசிய மருத்துவ ஆணையத்தின் கீழ் அது மூன்று நாள் வகுப்பாக நடைபெறுகிறது. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவை என்பதாலேயே பலரும் வருகிறார்கள். நானும் அப்படித்தான் சென்றேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் குழுவில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அறுவை மருத்துவப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். முதல் நாள் முழுவதும் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். "முப்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். இனி எனக்கு யார் வந்து சொல்லித் தருவது?" என்று தேநீர் இடைவேளையில் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இரண்டாம் நாள் ஒவ்வொருவரும் சில நிமிடங்கள் பாடம் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக அமர்ந்து கருத்துச் சொல்ல வேண்டும். அவர் அறுவை முடிச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. நூலைக் கையில் வாங்கிய எங்களில் ஒருவராலும் அதைப் போட முடியவில்லை.

பயிற்றுநர் அவரிடம் குறை எதுவும் சொல்லவில்லை. பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் நான்கு படிகளை மட்டும் பலகையில் எழுதினார். முதலில் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்து காட்டுவது. பிறகு ஒவ்வோர் அசைவையும் விளக்கியபடி செய்வது. மூன்றாவதாக, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது. கடைசியில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்வது. பேராசிரியர் நூலை மீண்டும் எடுத்தார். மூன்றாம் படியில் ஓர் இளம் பல் மருத்துவர் சொன்னதை அப்படியே செய்து முடிச்சைத் தவறவிட்டபோது, அறையிலேயே உரக்கச் சிரித்தவர் அவர்தான்.

எனக்கு அப்போது நாம் பயான்களில் பலமுறை கேட்ட ஹதீஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. பள்ளிவாசலில் அவசரமாகத் தொழுதுவிட்டு வந்தவரை நபி (ஸல்) அவர்கள் திரும்பிச் சென்று மீண்டும் தொழுமாறு சொல்கிறார்கள். மூன்று முறை அப்படியே நடக்கிறது. இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவரே கேட்ட பிறகு, ருகூவும் ஸுஜூதும் எவ்வளவு நிதானமாக அமைய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லித் தருகிறார்கள். அந்தச் செய்தியில் என்னை ஈர்த்தது, மூன்று முறையும் அவர் தொழுததைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள். நம் வார்டுகளில் அரிதாகிப்போனது அதுதான். மாணவர் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது அருகில் நின்று பார்க்கும் ஆசிரியர்கள் குறைவு; பரிசோதித்து வந்தபின் கேள்வி கேட்பவர்களே அதிகம். நோயாளியின் முன்னிலையில் மாணவரைக் கூனிக் குறுகச் செய்வதைக் கற்பித்தல் என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள்.

இரத்த அழுத்தம் அளப்பதை எடுத்துக்கொள்வோம். 1905இல் கொரட்காஃப் விவரித்த ஒலிகளின் ஐந்து கட்டங்களையும் தேர்வுத் தாளில் பிழையின்றி எழுதும் மாணவர், ஐந்து நிமிடம் நோயாளியை அமைதியாக உட்கார வைக்காமல், கையை இதயத்தின் உயரத்தில் தாங்காமல், அவசரமாகக் காற்றை இறக்கிவிட்டு ஓர் எண்ணைக் குறித்துக்கொள்வார். அறிதல், செய்முறையை அறிதல், செய்து காட்டல், பணியில் செய்தல் என்று 1990இல் மில்லர் அமைத்த பிரமிடில் நம் தேர்வுகள் பெரும்பாலும் கீழிரு படிகளிலேயே நின்றுவிடுகின்றன. நாளை ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரின் அழுத்தத்தை அளக்கப்போவது அதே கைகள்தான்.

அந்தக் கர்ப்பிணி நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். பர்தா அணிந்து வரும் பெண்ணிடம் கையைத் திறக்கும்படி எப்படிக் கேட்பது என்று தெரியாமல், தடித்த துணியின் மேலேயே பட்டையைச் சுற்றும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நோக்கம் மரியாதைதான். ஆனால் வரும் அளவை நம்ப முடியாது. இப்படிக் கேட்பதற்குச் சொற்களை யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. 2019இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கெனத் தனிப் பகுதி உண்டு. ஆனால் அதை நடத்த வேண்டிய ஆசிரியர்களுக்கே அந்தப் பழக்கம் வர வேண்டுமே!

மூன்று நாளில் அது வந்துவிடாது. பயிற்சி முடிந்து திரும்பியவரை மறுபடி யாரும் வகுப்பில் வந்து பார்ப்பதில்லை. கட்டிலைச் சுற்றி நிற்கும் மாணவர் கூட்டமும் குறைவதில்லை. சான்றிதழ் கோப்பில் உறங்குகிறது. ஆயினும் டண்டியில் ஹார்டன் 1970களில் உருவாக்கிய, மாணவர்கள் நிலையம் நிலையமாகச் சென்று திறனைச் செய்து காட்டும் தேர்வு முறையை அங்கேதான் நான் முறையாகக் கற்றேன். எங்கள் துறைத் தேர்வில் ஒரு நிலையம் கேட்டு வாங்கினேன். செவிலியர் ஒருவர் பர்தாவுடன் நோயாளியாக அமர்வார். தன் பெயரைச் சொல்லல், காரணத்தை விளக்கி அனுமதி கேட்டல், திரையை இழுத்துவிடல், மாணவர் ஆணாயின் பெண் உதவியாளரை அழைத்தல், வெறும் கையில் பட்டையைக் கட்டல் என்று மதிப்பெண் பட்டியல் எழுதினோம்.

அனுமதி கேட்பதற்கு எத்தனை மதிப்பெண் என்பதில் துறைக் கூட்டத்தில் நெடுநேரம் வாக்குவாதம். பத்தில் இரண்டு வேண்டும் என்றேன். அரை போதும் என்றார்கள். ஒன்றில் வந்து நின்றது. அடுத்த தேர்வுக்கு முன் மீண்டும் கேட்பேன், இன்ஷா அல்லாஹ்.