அக்காடியர் போன வழி

கனடாவின் கிழக்கோரத்தில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கிராண்ட்-பிரே என்றொரு சிற்றூர். ஃபண்டி வளைகுடாவின் உட்கிளை ஒன்று அதன் கரையைத் தொடுகிறது. உலகிலேயே மிக உயரமாக ஏறி இறங்கும் ஓதம் இந்த வளைகுடாவுடையது. சில இடங்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். நாளுக்கு இரண்டு முறை கடல் புகுந்து வடிந்த அந்தச் சேற்று வெளியை 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்காடியர் என்ற பிரெஞ்சுக் குடியானவர்கள் கரை கட்டி வயலாக்கினார்கள். புல்லும் வேருமாக வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கரை எழுப்பினார்கள். கரைக்கு அடியில் மர மதகு வைத்தார்கள். மதகுக்குள் தொங்கும் பலகைக் கதவு, கடல் வற்றும்போது திறந்து வயலின் மழைநீரை வெளியே விடும். கடல் ஏறும்போது அந்தத் தண்ணீரே தள்ளி அதை மூடிவிடும். சில ஆண்டுகள் மழை பெய்து உப்பு கழிந்தால் மண் கோதுமைக்குத் தயார். 2012-இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கே வருகிறவர்களில் பலரும் 1922-இல் எழுப்பிய நினைவுத் தேவாலயத்தையும் அக்காடியரைப் பற்றிய கவிதையொன்றின் நாயகியான எவாஞ்சலினின் சிலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் முதலில் அந்தக் கரையைப் பார்க்கச் சொல்வேன். ஒரு வீட்டுக்காரர்கள் மட்டும் அதைக் கட்டவும் முடியாது, காக்கவும் முடியாது. ஓரிடத்தில் உடைந்தால் எல்லார் வயலும் உப்பாகிவிடும். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், சம்பந்தி என்று பல வீடுகள் சேர்ந்து நின்றால்தான் அந்த ஊர் நிற்கும்.

இதிலிருந்தே என் வாதம் தொடங்குகிறது. 1755-இல் பிரிட்டிஷார் அக்காடியரை நாடுகடத்தியபோது குலைந்தது இந்த உறவுக்கட்டு. அடுத்த முப்பது ஆண்டுகள் அந்த மக்கள் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஊர் ஊராக இடம் மாறினார்கள். போர், உடன்படிக்கை, ஆளுநர் ஆணை ஆகியவற்றை மட்டும் வைத்துப் படித்தால் அது திக்கற்ற அலைச்சலாகவே தோன்றும். யாருக்கு யார் என்ன உறவு என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதே பாதையில் போய்ப் பார்த்தால் அதற்கு ஒரு திசை தெரிகிறது. அவர்கள் பிரிந்த உறவை மறுபடி ஓரிடத்தில் சேர்க்கப் பார்த்தார்கள். ஆகவே அக்காடியரின் குடும்ப வரலாற்றைப் பெரிய வரலாற்றின் ஓரத்தில் ஒட்டிவைக்கும் குறிப்பாகக் கருதக் கூடாது. அந்தப் பெரிய வரலாற்றுக்கே அதுதான் திறவுகோல்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1604-இல் பிரெஞ்சுக்காரர்கள் அக்காடியா என்று அவர்கள் அழைத்த இந்தக் கரைக்கு வந்தார்கள். 1671-இல் எடுத்த குடிக்கணக்கில் ஏறக்குறைய 400 பேர்தான். அதில் டேனியல் லெப்லான் என்ற ஒருவரும் மனைவி பிரான்ஸ்வாஸ் கோதேயும் இருக்கிறார்கள். அக்காடியாவில் மிகப் பெருகிய லெப்லான் கொடிவழி அந்தத் தம்பதியிலிருந்து தொடங்குகிறது. லாண்ட்ரி, எபேர், கொமோ, திபோதோ, மெலான்சன் என்று கொஞ்சம் குடும்பப் பெயர்கள்தான். அவர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததால் மூன்றாம் தலைமுறையில் ஊரே உறவாகிவிட்டது. 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கை இந்த நிலத்தைப் பிரிட்டனுக்குக் கொடுத்தது. போரில் எந்தப் பக்கமும் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்ற நிபந்தனையோடு, 1730-ஐ ஒட்டி அக்காடியர் விசுவாசப் பிரமாணம் செய்தார்கள். கால் நூற்றாண்டு செல்லுபடியான அந்த ஏற்பாடு, மறுபடி போர் நெருங்கியதும் செல்லாமல் போயிற்று. நிபந்தனையற்ற பிரமாணத்தை அவர்கள் மறுத்தார்கள். 1755 ஜூலை 28 அன்று சார்ல்ஸ் லாரன்ஸ் தலைமையில் ஹாலிஃபாக்ஸ் ஆலோசனை சபை அவர்களை அப்புறப்படுத்த முடிவெடுத்தது.

செப்டம்பர் 5 அன்று கிராண்ட்-பிரே தேவாலயத்துக்கு வரச்சொல்லிக் கூட்டிய 418 ஆண்களிடமும் சிறுவர்களிடமும் லெப்டினன்ட் கர்னல் ஜான் வின்ஸ்லோ ஆணையைப் படித்தார்: நிலம், வீடு, கால்நடை எல்லாம் அரசருக்குச் சொந்தம், நீங்கள் இந்த மாகாணத்தை விட்டு வெளியேற்றப்படுவீர்கள். ஐந்து நாள் கழித்து, கலவரம் வரும் என்று அஞ்சி, சுமார் 230 ஆண்களை, இளைஞர்களை முதலில் நிறுத்தி, கப்பலேற்றினார். தகப்பன்மார் இல்லாமல் போக மாட்டோம் என்று இளைஞர்கள் நின்றுவிட்டார்கள். வின்ஸ்லோ ஒருவனைத் தானே பிடித்து முன்னே தள்ளினார். தேவாலயத்திலிருந்து துறை வரை ஒன்றரை மைல். வழி நெடுகப் பெண்களும் குழந்தைகளும் மண்டியிட்டு அழ, இளைஞர்கள் செபமும் பாட்டுமாக மெல்ல நடந்தார்கள். இதை அக்காடியர் யாரும் எழுதிவைக்கவில்லை. நாடுகடத்தியவரே தன் நாட்குறிப்பில் எழுதியது. எதிர்த்தரப்பின் கையெழுத்தில் கிடைக்கும் இந்தச் சாட்சியம் ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: நிலத்தைப் பறித்த செய்தியை அமைதியாகக் கேட்டவர்கள், தகப்பனையும் மகனையும் பிரித்த இடத்தில்தான் அடி எடுத்துவைக்க மறுத்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். குடும்பங்களைச் சேர்த்தே ஏற்ற வேண்டும் என்று வின்ஸ்லோ வாக்களித்தார். அதற்கு முயன்றும் பார்த்தார். கப்பல் போதாமையும் அவசரமும்தான் பிரிவுக்குக் காரணம், திட்டம் எதுவும் இல்லை என்று சொல்வோர் உண்டு. வின்ஸ்லோவின் முயற்சியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சேர்க்கப் பார்த்தது தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய ஒரு வீட்டை. வயல் கரையைக் காத்துநின்ற பங்காளி வீடுகளும் சம்பந்தி வீடுகளும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அதைவிட முக்கியம், லாரன்ஸ் 1755 ஆகஸ்ட் 11 அன்று மற்ற காலனிகளின் ஆளுநர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. இவர்கள் எளிதில் மறுபடி ஒன்றுகூட முடியாதபடி ஜார்ஜியா முதல் நியூ இங்கிலாந்து வரை பிரித்து அனுப்பப்படுகிறார்கள் என்று அதிலேயே காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. கப்பல் தட்டுப்பாடு ஒரு வீட்டை உடைத்திருக்கலாம். ஊரை உடைத்தது கொள்கை.

இதற்கு லெப்லான் குடும்பத்து இருவரே சான்று. நோட்டரி ரெனே லெப்லான், பிரிட்டிஷ் நிர்வாகத்துக்காகப் பத்திரம் எழுதியவர். அந்த விசுவாசத்துக்காகவே எதிர்த்தரப்பிடம் சிறைப்பட்டிருந்தவர். பிலடெல்பியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அக்காடியர் பிரிட்டிஷ் மன்னருக்கு எழுதிய மனு அவர் கதையைச் சொல்கிறது: இருபது பிள்ளைகள், சுமார் 150 பேரப்பிள்ளைகள் கொண்ட அந்த முதியவரை மனைவியோடும் கடைசி இரண்டு பிள்ளைகளோடும் மட்டும் நியூயார்க்கில் இறக்கிவிட்டார்கள். நோயோடு பிலடெல்பியா போய் இன்னும் மூன்று பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்; அங்கேயே இறந்தார். அதே கொடிவழியில் வந்த ஜோசப் லெப்லான் நேர் எதிர்ப்பக்கம் நின்றவர். 1740-களில் அன்னாபொலிஸ் ராயலைத் தாக்க வந்த பிரெஞ்சுப் படைக்கு உதவி, பிரிட்டிஷ் சிறையில் இருந்தார். அவர் 1772-இல் இறந்தது பிரான்ஸின் பெல்-ஈல் தீவில். ஒருவர் பிரிட்டனை நம்பினார், மற்றவர் பிரான்ஸை நம்பினார். இருவரும் அந்நிய மண்ணில்தான் அடங்கினார்கள். யார் எந்தப் பக்கம் என்று பார்த்து நாடுகடத்தவில்லை. இன்னார் வம்சம் என்பதே போதுமான காரணமாக இருந்தது.

பெல்-ஈல் தீவு பிரிட்டனி கரைக்கு எதிரே இருக்கிறது. அக்காடியரின் குடும்ப வரலாற்றைத் தேடிப் பயணம் போகிறவர் கிராண்ட்-பிரேக்கு அடுத்து வரவேண்டிய இடம் இதுதான். வர்ஜீனியா ஏற்க மறுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்காடியர் இங்கிலாந்துத் துறைமுக நகரங்களில் ஏழு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார்கள். பெரியம்மை பலரைக் கொண்டுபோயிற்று. 1763 பாரிஸ் உடன்படிக்கை, 1761-இல் வீழ்ந்த புதுச்சேரியைப் பிரான்ஸுக்குத் திரும்பத் தந்த அதே உடன்படிக்கைதான், இவர்களுக்கும் பிரான்ஸ் போக வழிவிட்டது. 1765-இல் 78 குடும்பங்கள் பெல்-ஈலில் நான்கு பங்குகளில் குடியேறின. அவர்கள் பிறப்பையும் திருமணத்தையும் நிரூபிக்கும் பதிவேடுகள் கடலுக்கு அப்பால் சிதறிப்போயிருந்ததால், 1767-இன் தொடக்கத்தில் குடும்பத் தலைவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். அபே லெ லூத்ர் என்ற பாதிரியாரும் பங்குத்தந்தையரும் உடனிருந்தார்கள்; மற்ற அக்காடியர் சாட்சி சொன்னார்கள். ஒருவர் தன் பெயரையும் பிறந்த ஊரையும் சொல்லி, தகப்பன், பாட்டன், பூட்டன் என்று பிரான்ஸிலிருந்து முதலில் வந்தவர் வரை ஏறுகிறார். பிறகு பக்கவாட்டில் இறங்குகிறார்: இந்த அண்ணன் பாஸ்டனில், அந்தத் தங்கை மேரிலாந்தில், இன்னொருவர் இங்கிலாந்தில் இறந்தார். லாரன்ஸின் சுற்றறிக்கை சிதறடித்ததை இந்த மக்கள் நினைவில் பெயர் பெயராகக் கோத்து வைத்திருந்தார்கள்.

வாய்வழி நினைவை எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. உதவித்தொகையும் நிலமும் குடும்பக் கணக்கைப் பொறுத்தே கிடைத்தன என்பதால் ஆதாயத்துக்காகச் சொல்லியிருக்கலாமே என்றும் கேட்கலாம். பிழைகள் உண்மையிலேயே உண்டு. மூதாதை மனைவியோடு பிரான்ஸிலிருந்து வந்தார் என்று பல வாக்குமூலங்கள் சொல்கின்றன. திருமணமே அக்காடியாவில்தான் நடந்திருக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வு சில இடங்களில் காட்டுகிறது. ஆனால் சோதித்துப் பார்க்க நம்மிடம் சுயேச்சையான ஆவணம் இருக்கிறது. போர்-ராயல் பங்கின் 1702 முதல் 1755 வரையிலான பதிவேடுகள் நோவா ஸ்கோஷியாவில் தப்பியிருக்கின்றன. பழைய குடிக்கணக்குகளும் உள்ளன. மொங்தோன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் வைட் இவற்றையெல்லாம் ஒப்பிட்டு, 1714 வரையிலான அக்காடியக் குடும்பங்களின் வம்ச அகராதியை 1999-இல் வெளியிட்டார். முதல் தலைமுறை பற்றிய நினைவில் மங்கல் இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், கொண்டான் கொடுத்தான் உறவு ஆகியவை பெருமளவு பொருந்துகின்றன. ஆதாயத்துக்காகப் பொய் சொல்கிறவருக்கு பாஸ்டனில் இருக்கும் அண்ணனால் ஒரு காசும் கிடைக்காது. அவர் பெயரையும் சொன்னார்கள் என்பதே எனக்குப் பெரிய சான்று.

வலுவான மறுப்பு இன்னொன்று: அவர்கள் தேடியது நிலத்தை, உறவை இல்லை என்பது. 1773-இல் ஏறத்தாழ 1,500 அக்காடியரைப் பிரெஞ்சு அரசு புவாத்தூ பகுதிக்கு அனுப்பியது. ஆர்ஷீனி ஊர்ப்பக்கம் நேர்கோடாக ஓடும் சாலையோரம் களிமண்ணும் புதர்ச்செடியும் குழைத்துச் சுவர் வைத்த அந்தப் பண்ணை வீடுகளில் பல இன்றும் நிற்கின்றன. மூன்றே ஆண்டுகளுக்குள் பெரும்பாலானோர் நான்த் நகருக்குப் போய்விட்டார்கள். மண் மோசம், உதவித்தொகை தாமதம் என்பதெல்லாம் மெய். ஆனால் போனவர்களின் கண் எங்கே இருந்தது என்பதை ஒரு கடிதம் காட்டுகிறது. 1765-இல் பொசோலேய் என்று அழைக்கப்பட்ட ஜோசப் புரூசார் தலைமையில் ஒரு கூட்டம் லூசியானாவின் அத்தகாபா பகுதியில் குடியேறியது. அவர்களோடு இருந்த ஜான்-பாப்திஸ்த் செமேர், 1766 ஏப்ரலில் லெ ஆவ்ர் துறைமுகத்தில் இருந்த தன் தகப்பன் ஜெர்மென் செமேருக்கு எழுதினார். அங்கே நிலம் கிடைப்பதைச் சொன்னார்; யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சொன்னார். தகப்பனுக்கும் மற்றவர்களுக்கும் புறப்பட ஆசை. லூசியானா அதற்குள் ஸ்பெயின் கைக்குப் போயிருந்ததால் பிரெஞ்சு அரசு விடவில்லை. 1785-இல் ஸ்பெயின் மன்னர் செலவில் ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் நான்த் வழியாகவும் சான்-மாலோ வழியாகவும் லூசியானா போனார்கள். அவர்களைத் திரட்டியவர்களில் ஒருவர் நான்த்தில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒலிவியே தெரியோ என்ற அக்காடியர். ஏறக்குறைய இருபது ஆண்டு தாமதமாக அந்தக் கடிதத்துக்குப் பதில் கிடைத்தது. இவர்களுக்கு நிலமும் உறவும் இரண்டு தனித் தேவைகளாக இருந்ததே இல்லை. கரை கட்டி வாழ்ந்தவர்களுக்கு, உறவு இல்லாத நிலம் உழைக்க முடியாத நிலம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வம்சப் பெருமை பேசும் வரலாறு மற்றவர்களை மறைத்துவிடும் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. அந்த வளைகுடாக் கரை மிக்மாக் மக்களின் தாயகம். அக்காடியருக்கு அங்கே இடம் கிடைத்ததும் அந்த மக்களோடு கொண்ட உறவால்தான், அதில் திருமண உறவும் அடக்கம். 1760 முதல் அக்காடியரின் கரைகளை நியூ இங்கிலாந்துக் குடியேறிகள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அவற்றைக் காக்கிறார்கள். நல்ல குடும்ப வரலாறு இவற்றை மறைக்கத் தேவையில்லை. தன் பாட்டிமார் யார் வீட்டிலிருந்து வந்தார்கள் என்று நேர்மையாகத் தேடுகிறவர் இந்த மக்களையும் சந்தித்தே தீருவார். கிராண்ட்-பிரே பங்கின் 1707 முதல் 1748 வரையிலான பதிவேடுகள் இன்று லூசியானாவின் பாட்டன் ரூஜ் மறைமாவட்டக் காப்பகத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள் ஞானஸ்நானப் புத்தகத்தைக் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்கள். 1994 முதல் நடக்கும் உலக அக்காடிய மாநாடுகளில் லெப்லான்களும் லாண்ட்ரிகளும் கூடுவதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிட முடியாது. எளிதில் ஒன்றுகூட முடியாதபடி பிரிக்க வேண்டும் என்று ஓர் அரசு எழுதிவைத்தது. அதற்கு ஒரு மக்கள் கூட்டம் தந்த பதில், யார் யாருடைய பிள்ளை என்பதை மறக்க மறுத்தது. அந்தப் பதிலைப் படிக்காமல் அந்த ஆணையை மட்டும் படிக்கிறவர், லாரன்ஸின் பக்கத்தை மட்டுமே படித்தவராகிறார்.