அடிமரத்துச் சிமெண்ட்

மயிலாப்பூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த மரம் ஒன்று உண்டு. கபாலீசுவரர் கோயில் தலவிருட்சமான புன்னை. அம்பாள் மயிலாக வந்து பூஜித்தது அதன் அடியில்தான் என்று சிறு வயதிலேயே சொல்லிக்கொடுத்து விடுவார்கள். நானும் கும்பிட்டிருக்கிறேன். என் வீட்டு வாசலில் நின்ற மரத்தின் பெயரை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

எனக்கு அது குப்பை. பங்குனியில் இலை கொட்டும். சித்திரை பிறந்தால் பொரி இறைத்தாற்போல் வாசலெங்கும் பூ. நடைபாதை போட வந்தவர்களிடம், "அடிமரத்தை ஒட்டியே சிமெண்ட் போட்டுடுங்க" என்று சொன்னவன் நான்தான். மரத்தடியில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர், "சுத்திக் கொஞ்சம் மண்ணு விடச் சொல்லுங்க சார்" என்றார். "குப்பை சேரும்ப்பா" என்றேன்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். நகரமெங்கும் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. எங்கள் வாசல் மரமும் சாய்ந்தது.

மறுநாள் காலை வெளியே வந்தேன். நடைபாதையே பெயர்ந்து செங்குத்தாக நின்றது. சிமெண்ட் பாளத்தின் நடுவே அடிமரம் இருந்த வட்டம், அச்சில் வார்த்தது மாதிரி. அதன் அடியில் வேர்கள் கீழே இறங்கவே இல்லை. பாளத்தை ஒட்டிப் பக்கவாட்டில் தவழ்ந்திருந்தன. சில நுனிகள் கறுத்து அழுகியிருந்தன. தொட்டேன், கையோடு வந்தது.

"நல்ல புங்க மரம் சார்" என்றார் இஸ்திரிக்காரர். பெயர் அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் காற்றுக்கு எதுவும் தாங்காது என்று அக்கம்பக்கத்தார் சமாதானம் சொன்னார்கள். ஆனால் எதிர்ச்சாரியில் மண்ணில் நின்ற இன்னொரு புங்கம் ஒரு கிளையை மட்டும் இழந்து நின்றுகொண்டிருந்தது. அடுத்து வந்த கோடையில் வெயில் தாங்காமல் இஸ்திரி வண்டி வேறு தெருவுக்குப் போனது.

பிறகுதான் படித்தேன். வேருக்கும் காற்று வேண்டும். சிமெண்ட் மூடினால் மழைநீர் இறங்காது, மண் இறுகிவிடும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை சிமெண்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டிருந்தது. அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தின் நடுத்தண்டு 1989இல் விழுந்தும் விழுதுகள் மரத்தைக் காப்பாற்றின. அவை ஊன்றிக்கொள்ள அங்கே மண் இருந்தது.

கோட்டூர்புரத்தில் 'நிழல்' அமைப்பினர் உருவாக்கிய மரப் பூங்காவுக்குப் போய் இலை பார்த்துப் பெயர் பழகினேன். கோடையில் மஞ்சளாகப் பூத்துத் தெருவை நிறைப்பது இயல்வாகை. நாகேசுவரராவ் பூங்காவுக்குப் போகும் வழியில் எத்தனை வருஷம் அதை வெறும் நிழலாகக் கடந்திருக்கிறேன்!

இப்போது எங்கள் தெருவில் ஒரு பூவரசின் அடிச் சிமெண்டை உடைக்கும்படி வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேரில் கடப்பாரை பட்டால் காயம், அதனால் சின்ன உளியால்தான் கொத்த வேண்டும். இரண்டு சாண் அகலத்துக்குச் சம்மதித்திருக்கிறார். ஐப்பசி மழைக்குள் மீதியையும் கேட்கப் போகிறேன்.