பிளஸ்ஸை மைனஸ் ஆக்கும் தரகர்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எதுக்குன்னு கேட்பீங்க. ஆவடியிலிருந்து செங்குன்றம் ரைஸ் மில் பக்கம் போனா, இந்தக் கெமிஸ்ட்ரிக்கும் வியாபாரத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது தெரியும்.

மேட்டர் இதுதான். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருந்தா, ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கும். கார்பன் லேசா பிளஸ் ஆயிடும். இப்படி ரெண்டு பிளஸ் கார்பன் சந்திச்சா ஒட்டாது. கடன் கேட்க வந்த ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்த மாதிரி. ரெண்டு பேருமே வாங்கத்தான் வந்திருக்காங்க, கொடுக்க யாரும் இல்லை!

நடுவுல ஒரு தரகர் வர்றார். ஒரு கார்பனோட ஒட்டிக்கிட்டு, அதைக் கொஞ்ச நேரத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கிற ஆளா மாத்திடறார். டீல் முடிஞ்சதும் கழன்டு, அடுத்த பார்ட்டிக்குப் போயிடறார். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு ஜெர்மன்ல 'உம்போலுங்'னு பேரு. தரகர்தான் வினையூக்கி.

1832-ல் வோலரும் லீபிகும் கசப்பு பாதாம் எண்ணெயில் பார்த்த வினையில் தரகர் யார் தெரியுமா? சயனைடு! அது எப்படி நடக்குதுன்னு 1903-ல் லாப்வொர்த் விளக்கினார். அதே வேலையைச் செய்யற இன்னொரு ஆள் நம்ம உடம்புக்குள்ளேயே இருக்கார். அவர்தான் தயமின், அதாவது வைட்டமின் பி1. அவரோட ரகசியத்தை 1958-ல் பிரெஸ்லோ கண்டுபிடிச்சார்.

சோத்துல கிடைக்கிற குளுக்கோஸ் உடைஞ்சு பைருவேட் ஆகும். அதுலேர்ந்து கார்பன் டை ஆக்சைடு கழன்டாதான் மேற்கொண்டு சக்தி கிடைக்கும். அப்போ பிளஸ்ஸா இருந்த கார்பன் மேல எலக்ட்ரான் வந்து விழும். அதைத் தாங்கிப் பிடிக்கிறது தயமின்தான். திரும்பத் திரும்ப பயன்படறதால ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் சொச்சம் போதும். அதுவும் கிடைக்கலைன்னா பெரிபெரி. கால் மரத்துப் போகும், இதயம் திணறும்.

அந்த ஒரு மில்லிகிராம் நெல்லோட தவிட்டில்தான் அதிகம். பச்சரிசியை வெள்ளை வெளேர்னு தீட்டினா தவிட்டோட போயிடும். நெல்லை ஊறவெச்சு அவிச்சா உள்ளே இறங்கி அரிசியில் தங்கிடும். பழைய சென்னை மாகாணத்தில், தீட்டின பச்சரிசி சாப்பிட்ட வடக்கு சர்க்கார் மாவட்டங்கள்ல பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம்ம பக்கம் பெருசா இல்லை. அவிக்க ஆரம்பிச்ச நம்ம ஆட்களுக்கு உம்போலுங்கும் தெரியாது, வைட்டமினும் தெரியாது :-)

இன்னொரு ஆச்சரியம். 1936-ல் தயமினைச் செயற்கையாத் தயாரிச்சுக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் பிறந்த ஊர் நெல்லூர்! செங்குன்றம் வழியா அதே நெடுஞ்சாலையில் வடக்கே போனா வர்ற ஊர்தான்.

பழைய கதைன்னு விட முடியாது. தீட்டின வெள்ளை அரிசியே பிரதானமான காஷ்மீரில், தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகள் உயிருக்குப் போராடி, தயமின் கொடுத்ததும் தேறினதை 2010-களில் டாக்டர்கள் எழுதியிருக்காங்க.

எங்க பாடத்தில் சந்தை எதுக்கு விலை வைக்குதுன்னு படிக்கிறோம். அரிசிக் கடையில் வெள்ளைக்கும் பாலிஷுக்கும் விலை இருக்கு. தயமினுக்குத் தனியா விலை இல்லை, அதனால மில்லுக்கு அது நஷ்டக் கணக்கில் வராது. தவிடு எண்ணெய்க்கும் மாட்டுக்கும் போகும்.

அடுத்த தடவை அரிசி மூட்டை வாங்கும்போது, பளபளப்புக்குக் கூடுதல் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி, புழுங்கல்தானான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.