பாட்டியின் பாய்

ஈசூனில் நான் வாடகைக்கு இருக்கும் வீவக வீட்டின் தரை பார்வைக்குத்தான் மரம். மர நாரை அழுத்திச் செய்த பலகையின்மேல், மரப்படம் அச்சிட்ட தாளை ஒட்டிய லாமினேட் அது. கெடாவிலிருந்து வந்த பாட்டி கட்டிலை மறுத்து, தம் கோரைப்பாயை அதன்மேல் விரித்தார். (பத்தமடைப் பட்டுப்பாய் அன்று, சாதாரணப் பாய்தான்.) விடியலில் எழுந்து காலூன்றியபோது பாய் வழுக்கியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தப்பினார். என் கை நடுக்கம் நிற்கத்தான் வெகுநேரமானது.

அன்றே தேக்காவுக்கு ஓடினேன். கடைக்காரர் ரப்பர் அடிப்பாகமுள்ள விரிப்பைக் காட்டினார். வீட்டுக்கார அக்காவைத் தொலைபேசியில் கேட்டேன். "வேணாம் தம்பி, ரப்பர் கறை போகாது. அடியில தண்ணி தங்கினா பலகை உப்பிடும்." வாடகை முன்பணம் கண்முன் நின்றது. வெறுங்கையோடு திரும்பினேன்.

பாட்டி என்னைக் கட்டிலைத் தூக்கச் சொல்லி, பாயின் ஓரத்தைக் கட்டில் காலுக்கடியில் செருகினார். "காலையில சுருட்டி வச்சிட்டா ஈரம் எங்கய்யா தங்கும்?" தமிழ்ப்பள்ளி நாள்களில் பாயைச் சுருட்டாமல் ஓடி அவரிடம் வாங்கிய திட்டுகள் நினைவுக்கு வந்தன. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கட்டில் கேட்டு அடம்பிடித்தவன் நான்.

ஊர் திரும்பும்போது பாயை விட்டுச் சென்றார். ஒரு வாரம் அதில் படுத்தேன். முதுகு வலித்தது.