கதவடைத்த மலை

பழநியிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ் பெருமாள்மலையைத் தாண்டி, வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள சாவடியில் வந்து நின்றது. முன்னால் மோட்டார் கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. காரிலிருந்தவர்கள் செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இ-பாஸ் என்னும் அநுமதிச் சீட்டைக் காட்டினார்கள். சீட்டு எடுக்க மறந்துவிட்ட ஒரு குடும்பத்தின் தலைவர் இறங்கி நின்று, மலைக்காற்றிலும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் பிரயாணிகளுக்கு இந்தச் சீட்டு வேண்டியதில்லை. ஆகையால் பிறருடைய அவஸ்தையை வேடிக்கை பார்க்கும் சௌகரியம் நமக்குக் கிடைத்தது.

பக்கத்தில் காலிச் சாக்குக் கட்டுடன் உட்கார்ந்திருந்த பூம்பாறைக் குடியானவர் சிரித்தார். "அப்போ காய்ச்சலுக்காகக் கேட்டாங்க. இப்போ நெரிசலுக்காகக் கேக்கிறாங்க. சீட்டு என்னமோ அதே சீட்டுதான், வாத்தியாரய்யா!" என்றார்.

உண்மைதான். இப்போதைய சீட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் 2024 மே 7-ந் தேதி வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து, சாதாரண நாட்களில் 4,000 வண்டிகள், சனி ஞாயிறுகளில் 6,000 வண்டிகள் என்று கொடைக்கானலுக்குக் கணக்கும் வகுத்தார்கள். ஆனால் இதற்கு மூத்த சீட்டு ஒன்று உண்டு. 2020 மார்ச் 24-ந் தேதி மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் போக்குவரத்து நின்றது. மறுநாள் தேசம் முழுவதும் அடைபட்டது. அந்த வருஷம் செப்டம்பரில், ஜில்லாவுக்கு ஜில்லா போக இனிச் சீட்டு வேண்டாம் என்று சர்க்கார் அறிவித்தபோதுகூட, நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மூன்று இடங்களுக்கு மட்டும் அது நீடித்தது. 2021 ஏப்ரல் 20-ந் தேதி அந்த மூன்று மலைகளும் உல்லாசப் பிரயாணிகளுக்கு மறுபடியும் கதவை அடைத்தன.

நாம் இம்முறை புறப்பட்டதே, அந்த இரண்டு வருஷமும் இந்த மலைநாட்டு ஜனங்கள் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று கேட்டறிவதற்காகத்தான். பஸ் நகர்வதற்குள், முந்திய தினம் பழநியில் கேட்டதைச் சொல்லிவிடுகிறோம்.

பழநியில் ரயிலை விட்டு இறங்கி, ஜட்கா ஒன்றில் ஏறி அடிவாரம் சேர்ந்தோம். மோட்டார்கள் பெருகிவிட்ட இந்நாளிலும் பழநி ஜட்காவை விடவில்லை. நமக்கும் பழநி என்றால் ஜட்காவில் போனால்தான் திருப்தி. அடிவாரத்தில் முடிகாணிக்கை செலுத்தும் இடத்தில் வேலை செய்யும் ஒருவர் ஓய்வாக உட்கார்ந்திருந்தார். 2020-ஆம் வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தோம்.

"கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லீங்க. அந்த அஞ்சு மாசமும் வீட்டுப் பிள்ளைங்களுக்கே மாத்தி மாத்தி முடி வெட்டினேன். அதுக்கும் முடி வளரணுமே!" என்றார்.

அந்த வருஷத்துத் தைப்பூசம் பிப்ரவரி 8-ந் தேதி வந்தது. வழக்கமான கூட்டம் வழக்கம்போல வந்து போயிற்று. பங்குனி உத்திரம் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தபோதோ, கொடுமுடியிலிருந்து காவேரித் தீர்த்தம் சுமந்து வரும் காவடிகளைக் காணோம். மேலே ஸ்வாமிக்குப் பூஜை நடந்தது. கீழே ஊரில் அடுப்புப் புகையவில்லை. பஞ்சாமிர்தக் கடை, பூக்கடை, சத்திரம், ஜட்கா எல்லாம் பக்தர்களின் கால்களை நம்பிப் பிழைப்பவை அல்லவா? செப்டம்பர் முதல் தேதி கோயில் திறந்த பிறகும் பழைய கூட்டம் வர நாளாயிற்று. 2022-லே ஜனவரி 14 முதல் 18 வரை மறுபடி ஆலயங்களை அடைத்தார்கள். 18-ந் தேதிதான் தைப்பூசம். பல நாள் நடந்து வந்தவர்கள் அடிவாரத்திலேயே நின்று மலையை நோக்கிக் கும்பிட்டுத் திரும்பினார்கள்.

இந்தத் துன்பத்தினூடே நன்மையும் ஒன்று நிகழ்ந்தது. 2021 செப்டம்பரில், கோயில்களில் மொட்டையடிக்கக் கட்டணமில்லை என்றும், அந்தத் தொழிலாளருக்கு மாதம் 5,000 ரூபாய் தரப்படும் என்றும் சர்க்கார் அறிவித்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிதானம் தெரிந்தது. பல தலைமுறையாகத் தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய குடும்பத்தில், மாதம் பிறந்தால் பணம் வரும் என்பது சின்ன விஷயமல்ல.

மறுநாள் காலை பஸ் ஏறினோம். வரதமாநதி அணையை வலம் வந்து, சவரிக்காட்டின் வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதை அது. பின்னால் திரும்பிப் பார்த்தால், முருகன் மலை சமவெளியில் வைத்த ஒரு சிறு குங்குமச் சிமிழ் போலத் தெரியும்.

கொடைக்கானல் என்னும் ஊரே வியாதிக்குப் பயந்து பிறந்த ஊர் என்பது பலருக்குத் தெரியாது. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தங்கள் குடும்பத்தாரைப் பலி கொடுத்தார்கள். முதலில் சிறுமலைக்கு ஓடிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. பிறகு இந்த ஏழாயிரம் அடி உயரத்துக்கு ஏறி, 1845-ல் இரண்டு பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். கெட்ட காற்றினால் காய்ச்சல் வருகிறதென்றே அக்காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள். கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் ஸெகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். காரணம் தவறானாலும் ஏறிய இடம் சரியாகவே அமைந்தது. 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் ஓடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். ஊர் வளர்ந்தது.

ஆனால் துரைமார்களை டோலியில் வைத்துத் தூக்கிச் சென்ற நம் கூலி ஜனங்கள், கூலியை வாங்கிக்கொண்டு மறுபடி அந்தக் காய்ச்சல் காட்டுக்குள் இறங்கித்தானே வீடு போயிருப்பார்கள்? அவர்கள் பெயரை எந்தக் கல்லிலும் நாம் காணவில்லை. மேலும், இந்த மலையை வெள்ளைக்காரர் 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதுவது நமக்கு ஒப்புக்கொள்ள முடியாத விஷயம். பளியர்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பே இங்கே இருந்தார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் அடைக்கலம் தேடி ஏறி வந்தவர்கள் குன்னுவர்கள் என்று பரம்பரைச் செய்தி உண்டு. கீழே துன்பம் நேர்ந்தபோதெல்லாம் மனிதர்கள் மேலே ஏறினார்கள். மலையும் யாரையும் போ என்று சொன்னதில்லை. 1918-ல் பம்பாய்த் துறைமுகம் வழியாக நுழைந்து, நம் தேசத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டு போன விஷக் காய்ச்சலின் போதுகூட, மலை ஏறச் சீட்டுக் கேட்டதாக நாம் படித்ததில்லை. 2020-ல்தான் அந்த வழக்கம் தலைகீழாயிற்று. மலை கீழேயிருப்பவர்களைப் பார்த்துப் பயந்தது.

ஏரிக்கரையில் குதிரை வைத்துச் சவாரி விடும் ஒருவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஐம்பது வயதிருக்கும். ஏப்ரல், மே இரண்டு மாத ஸீஸனில் சம்பாதிப்பதை வைத்து வருஷத்தை ஓட்டுகிறவர். 2020-லும் 2021-லும் அந்த ஸீஸன்தான் அடியோடு போயிற்று. பிரையண்ட் பூங்காவின் மலர்க் கண்காட்சியும் அந்த இரண்டு வருஷம் நடக்கவில்லை. 2022 மே மாதத்தில்தான் மீண்டும் நடந்தது.

"கடையை வச்சிருக்கவன் பூட்டைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம். குதிரையைப் பூட்டி வைக்க முடியுமா ஐயா? அதுக்கு ஊரடங்கு தெரியுமா? வேளைக்குக் கொள்ளு கேக்குது" என்றார்.

அப்போது அவரிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. புல்லுக்கு ஏரிக்கரையில் அவிழ்த்து விட்டாராம். மோட்டார் சத்தமில்லாத அந்த நாட்களில் காட்டுமாடுகள் பட்டப்பகலில் ஏரிச் சாலையில் நின்றன, குதிரைகள் மிரண்டன. தோட்டங்களிலிருந்து காரட் மூட்டையை ரோட்டுக்குக் கொண்டு வரும் வேலை கிடைத்தது. ஆனால் மனிதக் குழந்தைகளைச் சுமந்து பழகிய குதிரை மூட்டைச் சுமைக்குப் படியவில்லை. முதல் நாளே சுமையை உதறித் தள்ளிவிட்டது. அப்புறம் மூட்டையை அவரே தூக்கினார்; குதிரை பின்னால் நடந்து வந்தது. இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. நமக்கு வரவில்லை.

செப்டம்பரில் சீட்டோடு வரலாம் என்று கதவைத் திறந்தபோது அவர் பட்டது வேறு விதம். இருபது வருஷமாக, வரும் குழந்தைகளை இரண்டு கையாலும் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்து வந்தவர். முதலில் வந்த அம்மாள், "குழந்தையைத் தொடாதீங்க, நானே ஏத்திக்கிறேன்" என்றாளாம்.

"அவங்க பேரிலே தப்பில்லைங்க. எனக்கும் அவங்களைக் கண்டா பயந்தான். கயித்தை எட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் கண்டு பயம். குதிரைக்கு மட்டும் யாரையும் கண்டு பயமில்லை."

விருந்தினரை நம்பி வாழும் ஊர், விருந்தினருக்கே பயப்பட நேர்ந்தது இந்த வியாதி செய்த கொடுமைகளில் ஒன்று. எண்ணிக்கையில் எழுத முடியாததால் அது எந்த அறிக்கையிலும் வராது.

மேல்மலைக் கிராமங்களில் கதை சற்று வேறு. பஸ்ஸில் கூட வந்த குடியானவர் நம்மைத் தம் ஊருக்கே அழைத்துப் போனார். பூம்பாறையில் படிப்படியாக வெட்டிய வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு என்னும் கௌரவம் கிடைத்தது. பூண்டு அழுகாது, பரணில் தொங்கவிட்டு நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். அவர் தப்பியது அதனால்தான். காரட்டும் பீன்ஸும் பயிரிட்ட பங்காளி, ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரி கிடைக்காத வாரத்தில் விளைச்சலை மாட்டுக்குப் போட்டாராம்.

"எங்களுக்கு இந்த அடைப்பு புதுசில்லை, வாத்தியாரய்யா. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிட்டா, ஊர்க்காரன் வெளியூரிலே ராத் தங்கக் கூடாது. வெளியூரான் இங்கே தங்கக் கூடாது. அம்மை போட்ட வீட்டு வாசல்லே வேப்பிலை செருகினா, யாரும் உள்ளே நுழைய மாட்டாங்க. அதையேதான் சர்க்காரு செஞ்சாங்க. ஆனா, காப்புக்கு அவிழ்க்கிற நாள் உண்டு. இதுக்கு அதைச் சொல்ல ஆளில்லை" என்றார் அவர்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போயிருந்த பையன்கள் அந்தச் சமயத்தில் ஊர் திரும்பினார்கள். சொந்தப் பிள்ளைகளையே ஊருக்கு வெளியே தோட்டச் சாலையில் பதினாலு நாள் தங்க வைத்து, சோற்றைத் தூக்குப் போணியில் கொண்டு வைத்துவிட்டுத் தள்ளி நின்று பேசினார்கள் தாய்மார்கள். வந்த பையன்களில் சிலர் தரிசாய்க் கிடந்த படிவயல்களைக் கொத்தினார்கள். வேலை திறந்ததும் பெரும்பாலோர் திருப்பூருக்கே போய்விட்டார்கள், இரண்டொருவர் தங்கினார்கள்.

நம் தொழில் நம்மை விடுமா? மேல்மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் நண்பரைப் போய்ப் பார்த்தோம். பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் சர்க்காரின் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது. மின்சாரம் போனால் பாடமும் போகும். செல்போனில் பாடம் கேட்க, ஸிக்னல் கிடைக்கும் ஒரு பாறைக்கு ஏறிப் போனார்கள் பிள்ளைகள். மழை வந்தால் பாறையும் இல்லை. ஒன்று முதல் எட்டு வகுப்புக்களுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதத் தொடங்கிய குழந்தை, அந்த எழுத்தை மறந்து மூன்றாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தது. பெரிய வகுப்புப் பதிவேட்டை நண்பர் புரட்டிக் காட்டினார். தொடர்ந்து 'வரவில்லை' என்று குறித்திருந்த இடங்களைத் தாண்டும்போது, "இவன் பீன்ஸ் தோட்டத்தில். இவள் கல்யாணமாகிவிட்டாள்" என்று சொல்லிக்கொண்டே போனார். நம் பள்ளிப் பதிவேட்டிலும் அத்தகைய இடங்கள் உண்டு. நாம் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

2021 ஏப்ரல், மே மாதத்து இரண்டாவது அலையில் வியாதி மலைக்கும் ஏறிற்று. மூச்சுத் திணறினால் திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ இறக்கவேண்டும். இரண்டுக்கும் மணிக்கணக்கில் வளைவுப் பாதை. காய்ச்சலுக்குத் தப்ப மேலே ஏறிய ஊரிலிருந்து, உயிர் தப்பக் கீழே இறங்க வேண்டியதாயிற்று. ஊசி வந்தது. ரோடில்லாத குடியிருப்புக்களுக்குச் செவிலியர்கள் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார்கள். ஊசிக்குப் பயந்து காட்டுக்குள் மறைந்தவர்களும் உண்டு. தேடிப் பிடித்துப் பேசிச் சம்மதிக்க வைத்த பெண்களும் உண்டு.

புறப்படுவதற்கு முன் மறுபடி ஏரிக்கரைக்குப் போனோம். சாவடியைத் தாண்டி வந்த கார்களால் சாலை நிறைந்திருந்தது. குதிரைக்காரர் ஒரு சிறுமியை இரண்டு கையாலும் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். தாயார் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு குதிரை எங்கே?" என்று கேட்டோம்.

"ராணியா? அதை 2021 தைப்பூசத்துக்கு முன்னாலே வித்துட்டேங்க. கடன்காரன் விடலை. கோயில் திறந்த சமயம். பழநி ஜட்காக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார். வெள்ளைக் குதிரை, நெத்தியிலே மட்டும் கறுப்பு. பழநிப் பக்கம் போனா, அடிவாரத்திலே ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வருவேன். நீங்க அந்த வழியாத்தானே வந்தீங்க?"

நாம் ஏறி வந்த ஜட்காவின் குதிரை என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தோம். ஞாபகம் வரவில்லை.