திபெத்துக்கு மேலே 15 நிமிடம்

எவரெஸ்ட் சுமார் 29,000 அடி. விமானங்கள் பறப்பதோ 35,000 அடியை ஒட்டி. அப்புறம் ஏன் பெரும்பாலான விமானங்கள் திபெத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன? மேலே பறப்பதில் சிக்கல் இல்லை, கீழே இறங்குவதில்தான்!

நடுவானில் விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் தலைக்கு மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி விழும். பல விமானங்களில் அது 12 முதல் 15 நிமிடம்தான் தாங்கும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிட்டால் முகமூடி இல்லாமலே மூச்சு விடலாம். ஆனால் திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 14,000 அடிக்கு மேல். இறங்க இடம் ஏது?

அதனால் அந்த வழியில் போகும் விமானங்களில் கூடுதல் ஆக்சிஜன் இருக்கும். எந்த இடத்தில் கோளாறு வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று கிளம்பும் முன்பே கணக்குப் போட்டிருப்பார்கள். சுற்றிப் போனால் எரிபொருள் செலவு கூடும்தான். ஆனாலும் அந்த 15 நிமிடக் கணக்கு இடித்தால், சுற்றுவழிதான் லாபம்.